சாமை சிந்தாத வளைவு

சாலம்மாளுக்கு வண்டி ஒத்துக்கொள்ளாது என்பது வெள்ளிமலைக்கே தெரிந்த சங்கதி. கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் மலையை விட்டு இறங்கியது பத்துப் பன்னிரண்டு தடவை இருந்தால் அதிகம். இறங்கும்போதெல்லாம் கையில் ஒரு எலுமிச்சம்பழம், மடியில் இரண்டு பாலிதீன் கவர், தலைக்கு மேல் இழுத்துப் போர்த்திய முந்தானை. முதல் கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிடும். கச்சிராயபாளையம் போய்ச் சேருவதற்குள் குடலே வெளியே வந்துவிடும் போலிருக்கும். அதனாலேயே தம்பி கல்யாணத்துக்குப் போகவில்லை. மகள் பட்டம் வாங்கியதைப் பார்க்கவும் போகவில்லை. "அவ வயிறு அப்படி, இன்னா பண்றது?" என்று ஊர் சொன்னது. ஊரைவிடச் சத்தமாகச் சொன்னவன் அவள் புருஷன் மாதன்.

அந்த மாதன் யார் தெரியுமா? ஜீப் டிரைவர்! சொந்த ஜீப். முப்பது வருஷத்துக்கு மேலாக அந்த மலைப்பாதையில் ஆட்களையும் மரவள்ளிக் கிழங்கையும் ஏற்றி இறக்குகிறவன். வண்டியில் ஒரு கீறல் கிடையாது, பேரில் ஒரு கேஸ் கிடையாது. அதனால் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன, ஜீப்பில் ஏற்ற இடம் போதாத அளவுக்கு உண்டு. கியர் கோலைப் பிடித்தானென்றால் முரட்டுக் காளையின் கொம்பைப் பிடிக்கிற மாதிரிதான் பிடிப்பான். 'கடக்' என்று ஒரு சத்தம் வரும், 'டொக்' என்று ஒரு உதை விழும், உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் முன்னால் போய்ப் பின்னால் வருவார்கள். மலை ஜீப் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மாதனும் அப்படித்தான் நினைத்தான்.

இந்த வருஷம் சாலம்மாளின் வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடது கண்ணும் மங்கல்தான். சாமைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல் உலை வைத்தாள். அந்தச் சமயத்தில் வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் ஒரு கண் முகாம் நடந்தது. புரை முற்றியவர்களை ஆஸ்பத்திரி வேனிலேயே கள்ளக்குறிச்சிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விடுவோம் என்றார்கள். துணைக்கு மாதனும் ஏறினான். வேனை ஓட்டியது நான்சி என்கிற சங்கராபுரத்துப் பெண். முப்பது வயசுகூட இருக்காது. "இந்தப் பொண்ணா இந்த வளைவுங்கள்ல ஓட்டப் போவுது? சாமி, காப்பாத்து" என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் சாலம்மாள் கையில் கவரைப் பிரித்துக் கொடுத்தான்.

முதல் வளைவு போனது. முந்தானைக்குள்ளிருந்து சத்தமில்லை. இரண்டாவது போனது, ஐந்தாவது போனது. மாதன் கவரையே பார்த்துக்கொண்டு வந்தான். கடைசி வளைவும் முடிந்து, கோமுகி அணையைத் தாண்டி, வேன் சமதரைக்கு வந்துவிட்டது. அப்போதுதான் முந்தானைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏன்யா, வளைவுங்க இன்னும் ஆரம்பிக்கலியா?"

மாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பது வருஷமாக வாந்தி எடுத்தவள், வளைவு வரவில்லையே என்று கேட்கிறாள்!

திரும்பி வரும்போது அவன் நான்சிக்குப் பக்கத்துச் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டான். மலையைப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்கவில்லை. அவள் இடது கையையும் இரண்டு கால்களையும் மட்டும் பார்த்தான். இரண்டே விரலால் கோலைத் தொட்டாள். கோல் நகர்ந்தது. சத்தம் இல்லை, உதை இல்லை. வேன் வழுக்கிக்கொண்டு ஏறியது. எப்போது மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு வந்தாள் என்று பார்த்துக்கொண்டிருந்தவனுக்கே பிடிபடவில்லை. இப்படியும் ஒரு வண்டி மலை ஏறுமா என்று வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். பாதி மலை ஏறிய பிறகு வீறாப்பெல்லாம் இறங்கி, மெல்லக் கேட்டான்.

"ஏம்மா, நீ கியர் மாத்துறது தெரியவே இல்லியே, எப்படிம்மா?"

"நீங்க டிரைவராண்ணா?"

"சேச்சே, சும்மாதான் கேட்டேன்."

நான்சி அவன் போட்டிருந்த காக்கிச் சட்டையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, நல்ல பெண்.

"என் வண்டியில வர்றதெல்லாம் ஆபரேசன் ஆன கண்ணுங்கண்ணா. ஒரு உதை வுழுந்தாலும் தாங்காது. அதான் கத்துக்கினேன். இஞ்சினும் சக்கரமும் ஒரே வேகத்துல இருந்தா கியர் தானா போய் உக்காந்துக்கும். கம்மி கியருக்கு வர்றப்ப, கிளட்ச்ச வுடறதுக்கு முந்தி ஆக்சிலேட்டர ஒரு துளி தொடணும். அப்பறமா கிளட்ச்ச, தூங்குற புள்ளய பாயில கெடத்துற மாதிரி, மெல்லமா வுடணும். எல்லாத்தயும் வளைவுக்கு முன்னாலயே முடிச்சிடணும். அவ்ளோதான்."

அவ்வளவுதானாம்! மாதன் அன்று ராத்திரி சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து பிசைந்துகொண்டே இருந்தான். சாலம்மாள் வயிற்றில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் தன் இடது காலில் இருந்திருக்கிறது. முப்பது வருஷமாக ஒரு பெண்பிள்ளையின் தலையில் பழியைப் போட்டுவிட்டுக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்திருக்கிறோமே! சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தான். "ரசம் ஊத்தட்டா?" என்று கேட்டாள் சாலம்மாள். "ஊத்து" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டான்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அந்த வாரம் வேனுக்கு ரிஷிவந்தியத்துப் பக்கம் முகாம், அதனால் நீங்களே கூட்டிவந்து கூட்டிப்போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆபரேஷன் முடிந்தபின் வாந்தி எடுக்கவே கூடாது, தலை அதிரக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து என்று அப்போதே எச்சரித்திருந்தார்கள். ஆக, பன்னிரண்டு நாளில் மாதன் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாக வேண்டும். முப்பது வருஷ டிரைவருக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

தன் உதை தனக்குத் தெரியாது என்பதுதான் முதல் சிக்கல். யாரையாவது உட்காரவைத்துக் கேட்கலாம் என்றால் மானம் போகும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டான். வீட்டிலிருந்து ஒரு படி சாமையை எடுத்து, மேலே கூம்பாகக் குவித்து, பக்கத்துச் சீட்டில் ஒரு துண்டை விரித்து அதன்மேல் வைத்தான். சாமை வழுக்குகிற தானியம். கூம்பு லேசாக ஆடினாலும் சரசரவென்று சரிந்துவிடும். எத்தனை உதை விழுந்தது என்பதைத் துண்டு சொல்லிவிடும்.

முதல் நாள் தெரு முனை திரும்புவதற்குள் கூம்பே இல்லை. இரண்டாம் நாள் சாமை துண்டைத் தாண்டி, மிதியடியைத் தாண்டி, பெடலுக்கு அடியில் கிடந்தது. சவாரியெல்லாம் முடித்து வந்தபிறகு காலி ஜீப்பை எடுத்துக்கொண்டு தினமும் ஐந்து வளைவு இறங்கி, ஐந்து வளைவு ஏறினான். காலை அவசரமாக எடுக்காதே என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டான். டீக்கடைக்காரன் பாவாடை பார்த்துவிட்டு, "இன்னா மாதா, படி சாமைக்கு முன் சீட்டா? டிக்கெட் போட்டியா?" என்றான். "உன் வேலயப் பாருடா" என்றான் மாதன். வீட்டில் நின்ற ஜீப்புக்குள் கோழிகள் ஏறிக் குடித்தனம் நடத்தின. சாலம்மாள் தடவித் தடவிச் சாமையைக் கூட்டி அள்ளிக் கோழிக்கே போட்டாள். ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பத்தாம் நாள்தான் அது நடந்தது. மூன்றாவது வளைவுக்கு முன்னால், ஏற்றத்தில், மூன்றிலிருந்து இரண்டுக்கு வர வேண்டும். கிளட்சை மிதித்தான், கோலை நடுவில் ஒரு நொடி நிறுத்தினான், ஆக்சிலேட்டரை ஒரு துளி தொட்டான். இஞ்சினின் குரல் ஏறி ஓர் இடத்தில் வந்து நின்றது. கோல் அவன் தள்ளாமலேயே உள்ளே போய் உட்கார்ந்தது. காலை எடுத்தபோது எடுத்த மாதிரியே இல்லை. அடியில் எத்தனையோ பல் சக்கரங்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் சுற்றுகின்றன. அவை ஒன்றையொன்று இடிக்காமல், அறையாமல், கை கோத்துக்கொண்ட அந்த நொடி அவன் உள்ளங்காலில் தெரிந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. சீட்டைப் பார்த்தான். கூம்பு அப்படியே நின்றது, ஒரு மணி சிந்தவில்லை. வளைவைத் தாண்டி வண்டியை ஓரம் கட்டினான். இத்தனை வருஷமும் இந்தச் சாது இரும்பைத்தான் அடித்து அடித்து ஓட்டியிருக்கிறோம் என்று தோன்ற, கியர் கோலின் குமிழைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

ஆனால் சாமை வேறு, சம்சாரம் வேறு. ஆபரேஷனுக்கு இறங்கிய அன்று நான்கு வளைவு நன்றாகத்தான் போனது. ஐந்தாவது வளைவில் எதிரே ஒரு லாரி முட்டுகிற மாதிரி வந்தது. மாதன் பதறிப்போனான். பதற்றத்தில் பழைய கால் வந்துவிட்டது. 'கடக்', 'டொக்'. முந்தானைக்குள் சாலம்மாள் கவரைத் தேடினாள்.

"பரவால்லய்யா, என் வயிறு அப்படித்தானே" என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு. அதைவிட அவள் நாலு அறை கொடுத்திருக்கலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலை கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டிவிட்டு, டாக்டரம்மா மறுபடியும் சொன்னார்: "குனியக் கூடாது, தலை குலுங்கக் கூடாது, வாந்தி கூடவே கூடாது. மலைக்கு எப்படிப் போறீங்க?"

மாதன் சாலம்மாள் பக்கம் திரும்பினான். "ஒரு வாரம் இங்கயே எங்கனா தங்கிடலாமா, சாலம்மா? உங்க சொந்தக்காரங்க வூட்டுல..."

"எதுக்கு? நம்ம வண்டி இருக்குதில்ல? அதுலதான் வருவேன்" என்றாள் அவள்.

ஏறத் தொடங்கியதும் அவள் வழக்கம்போல முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். எலுமிச்சம்பழம் கையில், கவர் மடியில்.  ஒரு வளைவு, இரண்டு வளைவு. ஒவ்வொன்றுக்கும் முன்னாலேயே இரண்டாவது கியர், ஒரு துளி ஆக்சிலேட்டர், தூங்குகிற பிள்ளை, பாய். பிறகு மேலேயிருந்து ஹாரன் கேட்டது. அதே லாரி வளைவு. வெள்ளிமலை பஸ் வளைவை அடைத்துக்கொண்டு இறங்கி வந்தது. பழைய கால் துடித்தது. "இருடா" என்று காலைப் பார்த்தே சொன்னான். இரண்டு விரலால் கோலைத் தொட்டான். இஞ்சின் குரல் ஏறியது, வந்து நின்றது. கோல் உட்கார்ந்தது. பஸ் உரசாத குறையாகக் கடந்து போனது. ஜீப் ஒரு சிணுங்கல்கூட இல்லாமல் ஏறியது.

சாலம்மாள் முந்தானையை விலக்கினாள்.

"இன்னாய்யா அது, அம்மாம் தண்ணி?"

"கோமுகி அணை."

"அது அம்மாம் கீழயா கெடக்குது?"

"முப்பது வருசமா அங்கதான் கெடக்குது."

அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கறுப்புக் கண்ணாடியையும் மீறி, பச்சை என்றால் இத்தனை பச்சையா என்றாள். பாறைமேல் குட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குரங்கைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். அணைக்கு அப்பால் கட்டம் கட்டமாக வயல்கள், கரும்பு, அதற்கும் அப்பால் எங்கேயோ வானம் தரையைத் தொடுகிற இடம். முப்பது வருஷம் இந்த ரோட்டின் உச்சியில் குடியிருந்தவள், இந்த ரோட்டை இன்றைக்குத்தான் பார்க்கிறாள். பிறகு பக்கத்திலேயே பள்ளத்தை எட்டிப் பார்த்தவள் அப்படியே மாதன் பக்கம் திரும்பினாள்.

"அடேயப்பா, இம்மாம் பள்ளமா! இதுலயா நீ தெனமும் போய் வந்துகினு இருக்க? நீ சாமிய்யா!"

அதற்குமேல் அவனால் முடியவில்லை. "மெச்சாத, சாலம்மா. உன் வயித்துல ஒரு கோளாறும் இல்ல. கோளாறெல்லாம் என் காலுலதான். நான்தான் உன்ன வாந்தி எடுக்க வச்சேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்ப?"

"அந்தப் பொண்ணு வேன்லயே தெரிஞ்சிபோச்சி. நீயா வாயத் தொறந்து சொல்றியான்னு பாத்துகினு இருந்தேன். தெனம் ஒரு படி சாமை கோழிக்குப் போவுது, எனக்குத் தெரியாதா? புரை வுழுந்தது கண்ணுலதான், புத்தியில இல்ல."

ஜீப் இரண்டு வளைவு தாண்டியது. பிறகு அவள் வெளியே பார்த்தபடியே சொன்னாள்: "என் தம்பி கல்யாணத்துக்குப் போயிருக்கலாம்."

 மாதன் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. இரண்டு கைக்கும் வேலை இருந்ததால் துடைக்கவில்லை.

வளைவுகள் முடிந்தன. கரியாலூர் போனது. வெள்ளிமலைத் தெரு வந்தது, டீக்கடையில் பாவாடை எழுந்து நின்று பார்த்தான். மாதன் வேகத்தைக் குறைத்தான்.

"வூடு வந்துடுச்சி."

"வரட்டும்" என்றாள் சாலம்மாள். எலுமிச்சம்பழத்தை ஜன்னல் வழியே வீசிவிட்டு, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். "நீ ஓட்டு."

வாசலில் கோழிகள் ஜீப்பைப் பார்த்து ஓடிவந்தன. ஜீப் நிற்கவில்லை. தெரு தாண்டியதும் மாதன் மூன்றாவது கியரைப் போட்டான். அவளுக்கு அது தெரியவே இல்லை.