பச்சை டிக்கை நம்பாதவள்

ஸ்டூடியோக்காரருக்குத் தன் புது டிஸ்க்கை நினைத்துத் தலைகால் புரியாத பெருமை. கல்யாணப் படங்களை எல்லாம் அதில் ஏற்றி, கேமரா கார்டுகளையும் அழித்து வைத்துவிட்டார். "தினமும் பேக்கப் ஓடுது, பச்சை டிக் வருது, அப்புறம் என்ன?" என்பார். கடையில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி. ஆனால் அதன் முன்னால் கிடக்கும் நாற்காலி அவருடையது. அவள் நின்றபடிதான் வேலை பார்ப்பாள். யாராவது கேட்டால், "சும்மா, கூடமாட ஒத்தாசைக்கு வர்றா" என்பதோடு சரி. அது அவளுக்குச் சுருக்கென்று தைக்கும்.

ஒரு காலை அவளுக்குப் பொறி தட்டியது. முன்பெல்லாம் பேக்கப் முடிவதற்குள் கடை முழுக்கத் துடைத்துவிடுவாள். இப்போதோ துணியை நனைப்பதற்குள் டிக் வந்துவிடுகிறது. படங்கள் கூடியிருக்க, நேரம் எப்படிக் குறையும்?

செட்டிங்ஸைத் திறந்தாள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் டிஸ்க்கை மட்டும்தான் அது நகலெடுத்துக்கொண்டிருந்தது. வெளியே சொருகிய புது டிஸ்க்கை, யாரையும் கேட்காமல், 'வேண்டாதவை'யில் தள்ளியிருந்தது. "நல்லா இருக்கு நியாயம்!" என்று முணுமுணுத்தபடி அதை அங்கிருந்து நீக்கி, சேர்த்து ஓடவிட்டாள். சாயங்காலம்தான் டிக் வந்தது. அந்த டிக்கையும் அவள் நம்பவில்லை. நகல்கள் போய்ச் சேரும் பேக்கப் பெட்டி அலமாரியில் இருந்தது. அதைக் கம்ப்யூட்டரில் திறந்து தேடி, மணப்பெண் விழுந்து விழுந்து சிரிக்கும் படம் ஒன்றைத் திறந்து பார்த்த பிறகே கடையைப் பூட்டினாள்.

அந்த வாரமே அவர் முழங்கை இடித்துப் புது டிஸ்க் கீழே விழுந்தது. திரும்பச் சொருகினால் கடகட சத்தம்தான். ஒரு படமும் வரவில்லை. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை.

"நாளைக்குக் கல்யாண வீட்டுக்காரங்க வந்து படத்தைக் கேட்டா என்ன சொல்லுவேன்? இன்னொரு தடவை கல்யாணம் பண்ணுங்கன்னா?"

"டிக்தான் வந்துச்சேன்னு சொல்லுங்க" என்று ஒரு குட்டு வைத்தாள். "கொஞ்சம் தள்ளுங்க."

அலமாரிப் பெட்டியிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாக வந்து திரையை நிறைத்தன. அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. இது நான் செய்த வேலை என்று உரக்கச் சொல்ல வேண்டும்போல் இருந்தது.

மறுநாள் மணப்பெண்ணும் அம்மாவும் வந்து, படங்களைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள்.

"உங்க கையே கை சார்!" என்றார் அம்மா. "இவங்க உங்களுக்கு ஒத்தாசைக்கா?"

ஸ்டூடியோக்காரர் எழுந்து, தன் நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்தினார்.

"படம் எடுத்தது நான்தாங்க. தொலைக்கப் பார்த்ததும் நான்தான். இன்னைக்கு நீங்க பாக்குறீங்கன்னா, அது இவ வேலை."

அவள் கொஞ்சமும் கூச்சப்படாமல் உட்கார்ந்தாள்.