பத்து மணி அடி

ஒனோமிச்சி ஊரில் சுமியே தன் வீட்டு பால்கனியில் கணவன் தொகுஜியின் மெத்தையை அடித்தால், இரண்டு மைல் தள்ளித் தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துக்கொண்டிருக்கும் தொகுஜியின் முதுகில் தழும்பு விழும். பதினோரு வருடங்களாக இது நடந்தது, சுமியேவுக்குத்தான் தெரியாது. வெயில் நாட்களில் காலை பத்து மணிக்கு அந்தக் குடியிருப்பின் எல்லா பால்கனிகளிலும் ஃபுதோன் மெத்தைகள் தொங்கும். பெண்கள் மூன்று வளையங்களாகப் பின்னிய பிரம்பு மட்டையால் அடிப்பார்கள். மற்றவர்களின் மெத்தையிலிருந்து தூசி மட்டுமே போனது. தொகுஜி அதிகம் வாய் திறக்காதவன். வீட்டுக்கு வந்தால் சோறு, துண்டு, மெத்தை என்று மூன்றே சொல். அதனால் வந்த கோபமெல்லாம் சுமியேவின் மட்டைக்குப் போனது.

"என்ன சுமியே, சத்தம் மலைக்கோயில் வரைக்கும் கேக்குது? நேத்தும் வாயைத் தொறக்கலையா?" என்பாள் பக்கத்து வீட்டு நொபுயோ.

"சாப்பிட மட்டும் தொறக்கும்!" என்று இவள் இன்னும் இரண்டு போடுவாள்.

அதுவரை அவர்கள் குளித்துவந்த பொதுக் குளியல் இல்லத்தில் ஆண்கள் தனி, பெண்கள் தனி. பதினோராம் வருடம் வீட்டுக்கே தொட்டி வந்தது. முதன்முதலாக முதுகு தேய்க்கப் போன சுமியேவின் கையிலிருந்து சோப்பு நழுவியது. மட்டையின் மூன்று வளையங்களும், பின்னலின் கண்ணோடு, முதுகெங்கும் பதிந்திருந்தன. அன்று காலை போட்ட ஏழும் இன்னும் சிவப்பாக இருந்தன.

மறுநாளும் வெயில். வீட்டுப் புத்தரின் முன் கைகூப்பிவிட்டு மெத்தையைத் தொங்கவிட்டாள், மட்டையைத் தொடவில்லை. அழுதபடி உள்ளங்கையால் தடவிக் கொடுத்தாள். பத்தரை மணிக்குக் கதவு படாரென்று திறந்தது. தொகுஜி செருப்பைக்கூடக் கழற்றாமல் பாய்மேல் ஏறி நின்றான். எட்டிப் பார்த்த நொபுயோ வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு என்ன ஆச்சு?" என்றான் தொகுஜி.

"எனக்கா? ஒண்ணுமில்லையேங்க."

"வெயில் இப்படி காயுது, அடி விழலையே!"

"உங்களுக்குத் தெரியுமா? இத்தனை வருஷமாவா?"

"தெரியாம? விழுந்தா நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம். காய்ச்சல்ல கிடந்தப்போ விழல. இன்னைக்கு யாரோ தடவுற மாதிரி வேற இருந்துச்சு. கடைசியா போய்ட்டு வரேன்னு சொல்றியோன்னு பயந்துட்டேன்."

"வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொன்னா நிறுத்திடுவியே."

அதன்பின் வெயில் நாட்களில் பத்து மணிக்கு அவள் விரல் நுனியால் இரண்டு தட்டு மட்டும் தட்டினாள். தபால் நிலையத்தில் தொகுஜி நிமிர்ந்து, "சரி, சரி" என்பான். யாரிடம் சொல்கிறான் என்று உடன் இருப்பவர்கள் கேட்பதில்லை; மணி பத்தாகிவிட்டது என்று தேநீருக்கு எழுந்து போவார்கள். மழை நாட்களில்தான் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.