பாடம் நடக்காத நாட்களின் பதிவேடு

சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னல் பக்கம், வெளிச்சம் விழும் இடத்தில், கல்வி அலுவலகத்திலிருந்து வந்திருந்த ஆய்வாளர் அம்மாள். அவருக்கு எதிரே பேருந்து டிப்போவில் டைம்கீப்பராக வேலை பார்க்கும் கணவர். அவர் பக்கத்தில் ஒன்பது வயது மகள், கால் தரையில் எட்டாமல். சமையலறை வாசலை ஒட்டி, எந்த நேரமும் எழுந்து ஓடத் தயாராக, தாய்க்காரி. வாசல் பக்கத்து ஸ்டூலில் அவளுடைய அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை. வீட்டுப் படிப்பெல்லாம் சரிப்படாது என்று முதலிலேயே சொன்னவர். "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று சொல்லும் வாய்ப்பு கிடைக்குமென்று வந்திருந்தார்.

பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கும் பெற்றோரிடம் சட்டம் மூன்றைக் கேட்கிறது: ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்த பாடத்திட்டம், ஆண்டுக்கொரு தேர்வு, குறைந்தது நூற்றெண்பது நாள் பாடம் நடந்ததற்கான பதிவேடு. ஒன்று குறைந்தாலும் அனுமதி ரத்து. பிள்ளை பள்ளிக்குத் திரும்ப வேண்டும். அந்தப் பள்ளியில் மகள் ஓராண்டு முழுக்க ஒரு வார்த்தை பேசவில்லை. காலையில் பையை மாட்டினாலே வாந்தி. வீட்டில் படிக்க ஆரம்பித்த மூன்றாம் மாதம்தான் வாய்விட்டு வாசித்தாள்.

பாடத்திட்டம் சரி. அதை அவளே மருந்துக்கடை வேலை முடிந்து வந்து உட்கார்ந்து எழுதியிருந்தாள். தேர்வுத்தாளும் சரி. பதிவேடு மட்டும் கணவர் பொறுப்பு. "நான் பதினாலு வருஷமா பதிவேடு எழுதறவன், அதை என்கிட்ட விடு" என்று வாங்கிக்கொண்டவர். அவளும் ஒரு நாள்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆய்வாளர் பக்கங்களைப் புரட்டினார். நான்கே பக்கம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மொத்தம் நாப்பத்தேழு நாள்தான் இருக்கு?"

"ஆமா மேடம், நாப்பத்தேழுதான்" என்றார் கணவர் பெருமையாக. "அதுக்கு மேல போக விடல."

ஸ்டூல் கிறீச்சிட்டது. தாய்க்காரி நோட்டை இழுத்துப் பார்த்தாள். முதல் வரி: "காய்ச்சல்." அடுத்தது: "குழாய் உடைந்தது. வீடெல்லாம் தண்ணீர்." அதற்கடுத்து: "மச்சான் வருகை. பேசியே நாள் போயிற்று."

"என்னங்க இது? பாடம் நடக்காத நாளையா எழுதி வெச்சிருக்கீங்க?"

"பின்ன? டிப்போவுல கிளம்பாத வண்டியத்தான் எழுதுவோம். ஒழுங்கா ஓடின வண்டிய யாராவது எழுதுவாங்களா?"

"மாப்ள, பிள்ள படிப்பையும் டிப்போவுலயே நிறுத்திட்டீங்களே!" என்றார் அண்ணன். பிறகு அந்த மூன்றாவது வரியைத் தங்கை தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, "என் பேரையும் சேர்த்து கெடுத்து வெச்சிருக்கீங்க" என்று ஸ்டூலுக்குத் திரும்பினார்.

ஆய்வாளர் சிரிக்கவில்லை. "வாரத்துக்கு எத்தனை நாள் பாடம்?"

"அஞ்சு, மேடம்" என்றார் கணவர்.

"அப்படின்னா வருஷத்துக்கு இருநூத்தி அறுபது. நாப்பத்தேழு போனா இருநூத்திப் பதிமூணு. கணக்கு சரியாதான் வருது. ஆனா நீங்க சொல்றத மட்டும் வெச்சு நான் எழுத முடியாதே. பாப்பா, உன் நோட்டெல்லாம் எடுத்துட்டு வா."

மகள் பதினோரு நோட்டுகளைத் தூக்கி வந்தாள். ஆய்வாளர் வாய்க்கு வந்த தேதியைச் சொல்ல, அவள் அந்தப் பக்கத்தை எடுத்து, என்ன படித்தாள் என்று சத்தமாக வாசித்தாள். புதியவர் முன்னால் அவள் வாசித்தது அதுவே முதல் முறை. பத்துத் தேதி கேட்டார், பத்தும் இருந்தது. பதினோராவதாக வேண்டுமென்றே பதிவேட்டில் உள்ள ஒரு தேதியைக் கேட்டார். அதற்கும் ஒரு பக்கம் இருந்தது.

"அன்னைக்கு அப்பா தலைவலின்னு தூங்கிட்டாங்க. நானே பின்னம் போட்டேன்" என்றாள் மகள். "அப்பா எழுதினது தப்பு."

இப்போதுதான் ஆய்வாளர் சிரித்தார். "அப்ப இருநூத்திப் பதினாலு! பதிவேடு இருக்கணும்னுதான் சட்டம் சொல்லுது, இப்படித்தான் இருக்கணும்னு சொல்லல. நடந்த நாளையெல்லாம் பட்டியல் போட்டு, ஏன் இப்படி ஆச்சுன்னு ஒரு கடிதம் எழுதுங்க. ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். நோட்டைப் பார்த்தேன்னு நான் குறிப்பு எழுதிடறேன். பொண்ணு வீட்லயே படிக்கட்டும்."

தாய்க்காரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்பவே எழுதி உங்க கையிலயே குடுத்துடட்டுமா மேடம்?"

"கையில வாங்கினா ஆபீஸ்ல வந்து சேர்ந்ததுக்கான உள்வரவு நம்பர் விழாதும்மா. பதிவுத் தபால்ல போடுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா போதும்."

ஆய்வாளர் போனதும் தாய்க்காரி மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மகள் தேதிகளைச் சொல்லச் சொல்ல எழுதினாள். இருநூற்றுப் பதினான்கு நாளும் ஆறு தாளில் அடங்கின. கடிதத்தையும் எழுதி அவள் கையெழுத்துப் போட்டாள். கீழே கணவரும் போட்டார்.

"இனிமே பதிவேடு என்கிட்ட" என்றாள்.

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றார் அவர்.

"நான் அப்பவே..." என்று ஆரம்பித்த அண்ணன், தங்கையின் முகத்தைப் பார்த்து, "பசை எங்க இருக்கு?" என்று முடித்தார். உறையை அவரே ஒட்டினார். விளிம்பைக் கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்தார்.

தபால் நிலையம் மூட அரை மணி இருந்தது. மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தாள். கவுண்டர்காரர் எடை பார்த்து, ரசீது கிழித்துக் கொடுத்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் கடிதத்தை எறிந்தார்.