அப்பா வந்தால்தான் வண்டி கிளம்பும்

“பெத்த பிள்ளையையே தள்ளிவிடப் பாக்குறாங்க இந்தம்மா” என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். கோர்ட்டே அவளைத் திரும்பிப் பார்த்தது.

பஸ் ஓட்டுகிறவளுக்குக் குரலா பஞ்சம்? “பிரியும்போது பிள்ளையில பாதி எனக்குன்னு குதிச்சாரு, ஐயா. இப்ப அந்தப் பாதி கசக்குதா? சனிக்கிழமையானா எங்க வாலு பையை மாட்டிக்கிட்டு வாசல்லயே உக்காந்திருக்கா. அவளுக்குப் பதில் சொல்லி என் வாய் வலிக்குது!”

சனி காலை தகப்பன் தானே டிப்போவுக்கு வந்து மகளை அழைத்துப் போகவேண்டும், ஞாயிறு மாலை கொண்டுவிடவேண்டும், தவறினால் அவமதிப்பு வழக்கு என்று நீதிபதி உத்தரவு போட்டார்.

முதல் சனிக்கிழமை வந்தது தகப்பன் ஐயா அல்ல, ஐயாவின் தங்கை.

“அண்ணன் தூங்குறாரு அண்ணி. என்னை அனுப்பினாரு.”

கொழுப்பைப் பாருங்கள்! பஸ்ஸில் கூட்டம் ஏறியாயிற்று. பிள்ளையை இன்னொரு தடவை வண்டியில் ஏற்றினால் வேலை போய்விடும் என்று மேனேஜர் ஏற்கெனவே எச்சரித்திருந்தார். நாத்தனாரோடு அனுப்பிவிட்டால் தொல்லை விட்டது. ஆனால் பக்கத்தில் நின்ற வாலுவின் முகம் சுருங்கிப் போயிருந்தது. அதைப் பார்த்ததும் தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீ தங்கமான பொண்ணும்மா. ஆனா இவ காத்துக்கிட்டிருக்கிறது உனக்காக இல்ல.” சாவியை உருவி இடுப்பில் செருகினாள். “அவரு வந்தாத்தான் வண்டி கிளம்பும்!”

“இது என்ன அநியாயம்?” என்று எகிறிய பயணிகள், விஷயம் தெரிந்ததும் தகப்பனின் நம்பரைக் கேட்டார்கள். ஆளாளுக்குப் போன் அடித்தார்கள். “யோவ், உன் பொண்ணு நிக்கிறாய்யா! எழுந்து வாய்யா!” மேனேஜர் ஓடிவந்து கத்தினார். “மெமோ குடுங்க சார், வாங்கிக்கிறேன்” என்றாள்.

சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஆள் ஓடிவந்தான். பஸ்ஸே கைதட்டியது. அவன் தலைநிமிரவில்லை.

“சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போயிடுவியா?” என்று அவளிடம் முனகினான்.

“நாளைக்குச் சாயங்காலம் நீங்கதான் கொண்டுவந்து விடணும். ராத்திரி கதை சொன்னாத்தான் தூங்குவா. தெரியலேன்னா கத்துக்குங்க.”

வாலு அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசியபடியே நடந்தாள். ஒரு தடவைகூட அம்மாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. போராடி வாங்கியது இதைத்தானே? ஆனாலும் பாழும் மனசு வலித்தது.

வலித்தால் வலிக்கட்டும் என்று வண்டியை எடுத்தாள்.