அலமாரியைத் தள்ளும் கதை

கிள்ளானில் ஒரு கடைவீட்டு மாடியில் நடந்துவந்த பாலர் பள்ளியில் விஷ்ணுப்ரியா ஒன்பது வருடமாக ஆசிரியை. அந்த வருடத் தொடக்கத்தில் பள்ளியை நடத்தும் அறவாரியம் பிள்ளைகளுக்கென்று எட்டு டேப்லட்களை அனுப்பியிருந்தது. விரலால் படம் வரைந்து, அந்தப் படத்துக்குத் தங்கள் குரலிலேயே கதை சொல்லிப் பதிவு செய்யலாம். பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள்.

நவீனா மட்டும் மூன்று வாரம் தொடவேயில்லை. நான்காவது வாரம் ஒரு மூலையில் உட்கார்ந்து, கதவு ஒன்றையும் அதைவிடப் பெரிய பெட்டி ஒன்றையும் வரைந்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள்.

"இது கதவு. இது அலமாரி. அப்பா சத்தம் கேட்டா அம்மா அலமாரிய தள்ளுவாங்க. நானும் தள்ளுவேன். அப்புறம் லைட்ட அடைச்சிட்டு மூச்சு விடாம இருப்போம். யாரு முதல்ல மூச்சு விடுறாங்களோ அவங்க தோத்துட்டாங்க."

அன்று மாலை பிள்ளையை அழைத்துப் போக வந்த அவள் அம்மா ஷாமினியைத் தனியாகக் கூப்பிட்டு விஷ்ணுப்ரியா அதைப் போட்டுக் காட்டினாள். கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு நின்றபடியே ஷாமினி முழுவதையும் கேட்டாள். பிறகு வீட்டில் நடப்பதை எல்லாம் சொன்னாள். அதுவரை அவள் அண்ணனிடம்கூடச் சொன்னதில்லை.

"யாருக்கும் தெரிய வேணாம் டீச்சர். நான் கொஞ்சம் கொஞ்சமா வெளியேற வழி பாத்துக்கிட்டு இருக்கேன். அவருக்குத் தெரிஞ்சா முடிஞ்சுது."

"யாருக்கும் போகாது ஷாமினி. என் பொறுப்பு."

ஆனால் அடுத்து என்ன செய்வதென்று விஷ்ணுப்ரியாவுக்குத் தெரியவில்லை. தனலெட்சுமி அக்காவிடம் யோசனை கேட்டு அந்தப் பதிவை அனுப்பினாள். முன்பு இதே பள்ளியில் பக்கத்து வகுப்பு ஆசிரியையாக இருந்தவள் தனலெட்சுமி. இப்போது அறவாரியத்தின் பாலர் பள்ளிகள் அனைத்துக்கும் இயக்குநர், பிரிக்ஃபீல்ட்ஸில் அலுவலகம். விஷ்ணுப்ரியாவின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் அவள்தான்.

"எனக்குள்ள இருக்கட்டும். பாத்துச் செய்வோம்" என்று பதில் வந்தது.

அந்த மாதமே பள்ளிகளுக்கான தொழில்நுட்பக் கொள்கை ஒன்றைத் தனலெட்சுமி எழுதிக்கொண்டிருந்தாள். பதிவுகளைப் பற்றிய பகுதியை விஷ்ணுப்ரியாவிடம் கொடுத்தாள். நவீனாவை நினைத்துக்கொண்டுதான் அவள் அந்த வரியை எழுதினாள்: 'பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் எந்தப் பதிவும் வகுப்பறையை விட்டு வெளியே போகாது.'

"அருமையா எழுதியிருக்க" என்றாள் தனலெட்சுமி.

கொள்கையின் வெளியீட்டு விழா கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் நடந்தது. முதல் நாள் தனலெட்சுமி போன் செய்தாள். "பெற்றோர்ல ஷாமினிய கண்டிப்பா கூட்டிட்டு வா. முன் வரிசையில உக்காரட்டும்." தன் வகுப்புத் தாய் ஒருத்திக்கு மரியாதை கிடைக்கிறதே என்று விஷ்ணுப்ரியா சந்தோஷப்பட்டாள். ஷாமினி அரை நாள் லீவு போட்டு, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்தாள்.

விளக்குகள் மங்கின. திரையில் கதவும் அலமாரியும் வந்தன. கீழே 'மலர், ஐந்து வயது' என்று போட்டிருந்தார்கள். குரல் நவீனாவுடையது.

முடிந்ததும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஷாமினி எழவில்லை. மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

"டீச்சர், இது என் பிள்ளை" என்றாள். பிறகு எழுந்து வெளியே நடந்தாள். பின்னாலேயே ஓடிய விஷ்ணுப்ரியாவை லிஃப்ட் வாசலில் ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு மேல் ஓரடி எடுத்து வைக்க முடியவில்லை.

விழாவில் கொடுத்த கொள்கைப் புத்தகத்தை விஷ்ணுப்ரியா காரில் உட்கார்ந்து புரட்டினாள். அவள் எழுதிய வரி இருந்தது. 'பெற்றோரின்' என்ற இடத்தில் 'அறவாரியத்தின்' என்று மட்டும் மாறியிருந்தது.

மறுநாள் காலை பிரிக்ஃபீல்ட்ஸ் அலுவலகத்துக்குப் போனாள்.

"உங்ககிட்ட யோசனை கேட்டுத்தானே அனுப்புனேன், அக்கா?"

"பேர மாத்திட்டேன் லா. மூஞ்சியும் காட்டல. நான் ஒரு மணி நேரம் பேசுனா எல்லாரும் போன நோண்டிக்கிட்டு இருப்பாங்க. நேத்து ஒருத்தராவது போன தொட்டாங்களா? நன்கொடை கொடுக்குறவங்க கம்போங் மேடான்ல புதுசா ரெண்டு வகுப்பு தொறக்கப் பணம் தர ஒத்துக்கிட்டாங்க. அறுபது பிள்ளைங்க, ப்ரியா."

"அந்த வரிய யார் மாத்துனது?"

"நான்தான். உன் வரிய வச்சிருந்தா எதையுமே வெளிய காட்ட முடியாது."

"அப்புறம் எதுக்கு ஷாமினிய கூட்டிட்டு வரச் சொன்னீங்க?"

"நாளைக்கு யாராவது கேள்வி கேட்டா, அம்மா அங்கதான் இருந்தாங்கன்னு சொல்லலாம். போட்டோ இருக்கு."

ஷாமினியை அந்த நாற்காலியில் கொண்டுபோய் உட்கார வைத்தது தான்தான் என்பது விஷ்ணுப்ரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அறவாரியத்தின் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்த விழா வீடியோவை எடுத்துவிடுவதாகத் தனலெட்சுமி ஒத்துக்கொண்டாள். அதற்குள் அது பல குடும்ப குரூப்களில் சுற்றிவிட்டது. நவீனாவின் அத்தை குரலை அடையாளம் கண்டுகொண்டாள்.

இரண்டாம் நாள் நவீனாவின் அப்பா தொழிற்சாலை கேட்டில் வந்து நின்று கத்தினான். காவலாளிகள் தடுத்து நிறுத்தினார்கள். ஷாமினி பின் வாசல் வழியாக வெளியேறி, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ரவாங்கில் இருக்கும் அண்ணன் சிவநேசன் வீட்டுக்குப் போய்விட்டாள். போலீஸில் ரிப்போர்ட் செய்து, அவன் நெருங்காமலிருக்கப் பாதுகாப்பு ஆணைக்கும் மனு போட்டாள்.

விஷ்ணுப்ரியாவின் போனை அவள் எடுக்கவில்லை. சிவநேசன்தான் எடுத்தார். "டீச்சர் கையெழுத்து போட்டு ஒரு கடுதாசி கொடுத்தா கேஸுக்கு உதவும்னு வக்கீல் சொல்றாரு" என்றார்.

நடந்ததை அப்படியே எழுதினாள். பதிவை அனுப்பியது தான் என்றும், வரியை மாற்றியது இயக்குநர் என்றும் பெயர் குறிப்பிட்டு எழுதினாள். ஒரு நகலை அறவாரியத்துக்கும் அனுப்பினாள். பிள்ளையின் பதிவை வெளியே அனுப்பியதற்காக அவளை வேலையிலிருந்து நிறுத்தி மறு வாரமே கடிதம் வந்தது. கையெழுத்து தனலெட்சுமியுடையது.

சனிக்கிழமை கொமுட்டர் ரயிலேறி ரவாங் போனாள். ஷாமினி கேட்டைத் திறக்காமல், கம்பி வழியாகவே கேஸுக்கான கடிதத்தை வாங்கி, நின்றபடியே இரண்டு தடவை படித்தாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க வேலை போயிடுச்சுன்னு அண்ணன் சொன்னாரு."

"பரவால்ல ஷாமினி."

"நீங்க கெட்டவங்க இல்ல டீச்சர். அது எனக்குத் தெரியும்." கடிதத்தை மடித்தாள். "ஆனா புதுப் பள்ளி டீச்சர் வீட்ட பத்தி கேட்டா ஒண்ணும் சொல்லக் கூடாதுன்னு நவீனாகிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

விஷ்ணுப்ரியா தலையசைத்தாள். ஷாமினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.