வேண்டுதல் கட்டம்

"பேனா இல்லம்மா, நூல் மட்டும்தான் இருக்கு" என்றார் அவளிடம், கோயில் வாசல் மேஜையில் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடிக்கடைக்காரர்.

மேஜைக் காலில் கட்டியிருந்த நூல் பாதியில் அறுந்து தொங்கியது. மூன்று வாரத்துக்கு முன்புவரை அதன் மறுமுனையில் பேனா இருந்தது, மேஜைக்குப் பின்னால் அவளுடைய அப்பா இருந்தார். அர்ச்சனைச் சீட்டு எழுத வருகிறவர்கள் பேனாவைக் கையோடு கொண்டுபோய்விடுகிறார்கள் என்று அதைக் கட்டிப்போட்டது அப்பாதான்.

"அன்னைக்கு அவரு மயங்கி விழுந்தப்பக் கூட பேனாவ விடல. நூலை அறுத்துத்தான் தூக்கினோம்."

"பரவால்ல. அம்மாவே எழுதிக் குடுத்திருக்காங்க." அவள் கையிலிருந்த சீட்டைக் காட்டினாள்.

"எப்படி இருக்காரு இப்ப?"

"அப்படியேதான்."

"சீக்கிரம் வரச் சொல்லும்மா. கடையையும் பாத்துக்கிட்டு இங்கயும் உக்கார என்னால ஆகல. போன வாரம் கல்யாணம் தள்ளிப்போற பொண்ணு ஒண்ணைத் தெரியாத்தனமா சரஸ்வதிகிட்ட அனுப்பிட்டேன். இப்ப அது மேல படிக்கப் போறேங்குதாம். அவங்கம்மா வந்து என்னைப் புடிபுடின்னு புடிச்சுட்டாங்க."

வேறு நாளாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள்.

அப்பா முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த ஊருக்கு எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எந்த மேடையில் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். தலைக்கு மேல் 'விசாரணை' என்று பலகை இருந்ததால் அவருக்கும் அதுவே பெயராயிற்று. ஓய்வு பெற்ற மறு மாதமே கோயில் வாசல் மேஜைக்கு வந்துவிட்டார். இங்கேயும் அதே வேலைதான். பரீட்சையா, சரஸ்வதி. கல்யாணத் தடையா, துர்க்கை. ராத்திரி பயந்து அலறும் பிள்ளையா, அனுமார். எதற்கும் முதலில் பிள்ளையாரிடம் ஒரு வார்த்தை. கேட்கிறவர் பாதி சொல்லும்போதே அப்பாவின் விரல் அந்தச் சன்னதிப் பக்கம் நீண்டிருக்கும்.

அவர் இரண்டு விஷயத்தில் கறாராக இருந்தார். சீட்டில் மூன்று கட்டம் உண்டு: பேர், நட்சத்திரம், வேண்டுதல். முதல் இரண்டையும் அர்ச்சகர் உரக்கப் படிப்பார். மூன்றாவது கட்டத்தைப் பின்பக்கமாக மடித்துவிட வேண்டும். அதைச் சாமியைத் தவிர வேறு யாரும் பார்க்கக் கூடாது. இரண்டாவது, ஒரு காரியத்துக்கு ஒரு சீட்டு. "ரெண்டு எடத்துல குடுத்தா, அவரு பாத்துக்குவாருன்னு ரெண்டு பேருமே விட்டுருவாங்க. ரெண்டு விதமா எழுதிக் குடுத்தா இன்னும் மோசம். சாமியே கொழம்பிரும்" என்பார். தனக்கென்று ஒரு சீட்டும் அவர் எழுதியதில்லை. ஏன் என்று அவள் ஒருமுறை கேட்டபோது, "விசாரணையில உக்காந்திருக்கிறவன் வண்டி ஏறிட்டா, அப்புறம் வர்றவங்களுக்கு யாரு சொல்றது?" என்றார்.

நேற்று மாலை, மேஜையில் கடைக்காரர் இல்லாத நேரத்தில், அவள் யாரிடமும் சொல்லாமல் இங்கே வந்து தன் பேனாவிலேயே எழுதி ஒரு சீட்டு கொடுத்திருந்தாள். 'அப்பா இதற்கு மேல் வேதனைப்படாமல் போய்விட வேண்டும்' என்று மூன்றாவது கட்டத்தில் எழுதி மடித்துச் சிவன் சன்னதியில் வைத்தாள். எழுதும்போது ஒரு நொடிகூடத் தயங்கவில்லை என்பதுதான் பிறகு அவளை உறுத்தியது. பெற்ற மகள், அப்பாவின் சாவைக் கேட்டிருக்கிறாள்.

இன்று காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா இந்தச் சீட்டைக் கொடுத்து, "எந்தச் சாமின்னு நீயே பாத்துக் குடு" என்றாள். அம்மா என்ன எழுதியிருப்பாள் என்று பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. நாற்பத்து மூன்று வருடம் கூட வாழ்ந்தவள் ஆயுளைத்தான் கேட்டிருப்பாள். ஆயுள் கேட்பதற்கும் சிவன்தான். "போற வண்டியும் வர்ற வண்டியும் அங்க ஒரே மேடை" என்று அப்பா சொல்வார். நேற்று மகள் கேட்ட அதே இடத்தில் இன்று மனைவி மாற்றிக் கேட்கிறாள். சீட்டைக் கசக்கிப் பைக்குள் போட்டுவிட்டு, கொடுத்துவிட்டேன் என்று சொல்லலாமா என்றும் அவளுக்குத் தோன்றியது. அம்மாவின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது என்று வரிசையில் நின்றாள்.

அர்ச்சகர் சீட்டை வாங்கினார். "நேத்துதான வந்தீங்க?"

"இது அம்மா குடுத்தது."

அவர் தலையசைத்துவிட்டு அப்பாவின் பேரையும் நட்சத்திரத்தையும் படித்தார். மந்திரம் தொடங்கியபோது பைக்குள் கைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். தம்பி. அவன் அப்பாவின் கட்டில் பக்கத்தில் இருக்கிறான். குறுஞ்செய்தி மட்டுமே அனுப்புகிறவன், கூப்பிடுகிறான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்து, அவன் சொல்வதைக் காதால் கேட்டுவிட்டால் தீட்டு; பாதியில் வெளியேற வேண்டியதுதான். அம்மாவின் சீட்டு அரைகுறையாக நின்றுவிடும். அவள் கைபேசியைப் பைக்குள் போட்டு மூடினாள். அதிர்வு நின்றது. மறுபடியும் தொடங்கியது. உள்ளே அர்ச்சகர் அப்பாவின் பேரை இன்னொரு முறை சொல்லி, ஆயுள், ஆரோக்கியம் என்று வழக்கமான வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தார். போய்விட்ட மனிதருக்காக ஆயுள் கேட்கப்படுவதை அவள் கைகூப்பியபடி கடைசிவரை கேட்டாள்.

தீபாராதனை முடிந்ததும் விபூதியோடு சீட்டும் திரும்பி வந்தது. செருப்பு வைக்கும் இடத்துக்கு வந்ததும் அவள் அப்பாவின் சட்டத்தை மீறி மடிப்பைப் பிரித்தாள்.

'அவர் என்ன கேட்கிறாரோ அது.'

அம்மாவின் குண்டு எழுத்து. இரண்டாவது முறை படித்தபோது அவளுக்கு அழுகை வந்தது. பிறகு தம்பியைக் கூப்பிட்டு, அவன் சொன்னதைக் கேட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது குழாய்களையெல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். தம்பி சன்னலோரம் சுவரைப் பார்த்து நின்றான். கட்டிலருகே நாற்காலியில் அம்மா அழாமல் உட்கார்ந்திருந்தாள்.

"எந்தச் சாமிகிட்டக் குடுத்த?"

"சிவன்கிட்டம்மா."

"நேத்தும் அங்கதான?"

அவள் தோள்பையை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"உன் பையில விபூதிப் பொட்டலத்தப் பாத்தேன். நீ என்ன கேட்டிருப்பன்னு எனக்குத் தெரியாதா?" அம்மா போர்வையின் ஓரத்தை நீவிச் சரிசெய்தாள். "அத எழுத எனக்கு மனசு வரல. மாத்தி எழுதவும் வரல. ரெண்டு விதமா சீட்டுப் போனா இவருக்கு ஆகாதுல்ல."

"அம்மா..."

"சரி, விடு. எடுத்துட்டு வந்தியே விபூதி, அத வை."

அவள் அப்பாவின் நெற்றியில் விபூதியை வைத்தாள். நெற்றி இன்னும் முழுதாகக் குளிர்ந்திருக்கவில்லை.

நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பையையும் காகிதத்தையும் கொண்டுவந்தாள். பையில் அப்பாவின் சட்டை, மூக்குக் கண்ணாடி, கைக்கடிகாரம், அப்புறம் ஒரு சாண் நூலோடு அந்தப் பேனா.

"எல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் கையெழுத்துப் போடுங்க" என்றவள் தன் சட்டைப் பையைத் தடவினாள். "பேனா எங்க வச்சேன்?"

அம்மா பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தாள். நர்ஸ் கட்டிலின் கால்மாட்டில் காகிதத்தை வைத்து, மணியைப் பார்த்து நேரத்தைக் குறித்தாள். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று இரண்டு இடத்தில் குறியிட்டாள்.

நர்ஸ் எழுதி முடிக்கும்வரை அம்மா நூலின் முனையை விரலில் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.