காதில் வைக்காமலே

பொய் சொல்கிறவளுக்கு இவ்வளவு நிதானம் எங்கிருந்து வரும்?

கடிதத்தை மூன்றாவது முறையாகப் படித்தபோது அவளுக்குள் எழுந்த கேள்வி இதுதான். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் யார் காதிலும் விழுந்திருக்காது. இணையத்தில் வாங்கியவர்கள் வேண்டாமென்று திருப்பி அனுப்பும் பார்சல்கள் வந்து சேர்கிற கிடங்கு அது. பெட்டிகளைச் சுமந்துகொண்டு நாள் முழுக்கப் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும். அதன் இரைச்சலில் பேசுவதென்றால் கத்த வேண்டும், இல்லாவிட்டால் சைகை காட்ட வேண்டும்.

நான்காம் மேசை அவளுடையது. அங்கே வருவது ஒரே ஒரு பொருள்: இருப்பதிலேயே விலை கூடிய இயர்போன். அதை வாங்கி, அசலை வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதே போலிருக்கும் போலியைத் திருப்பி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கேட்கிறவர்கள் உண்டு. அவர்களைப் பிடிப்பதுதான் அவள் வேலை. பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை என்று எல்லாருமே சொன்னார்கள். பதினொரு மாதத்தில் அவளுடைய சொந்தப் பெயரே அங்கே மறந்துபோய் 'கழுகு' என்பது நிலைத்துவிட்டது.

ஒவ்வொரு மேசை இழுப்பறையிலும் ஒரு மாதிரி இருக்கும். வருகிற பொருளை அதன் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். அந்த மாதிரிக்கு அங்கே 'மாமியார்' என்று பெயர். வருகிறவள் எவ்வளவு லட்சணமாக இருந்தாலும் மாமியாருக்குப் பக்கத்தில் நிறுத்திக் குறை கண்டுபிடிப்பார்கள் அல்லவா, அதனால். டப்பா மூடியின் உள்பக்கத்துப் பொடி எழுத்து, கீல் மூடும்போது எழும் 'டொக்', தராசில் எடை, பூதக்கண்ணாடியில் ஒலி வரும் வலையின் கண்கள் என்று எல்லாவற்றையும் அவள் மாமியாரைப் பார்த்துப் பார்த்துத்தான் கற்றிருந்தாள். மேசைமேல் இருக்கும் குறிப்பேடும் அவள் கையெழுத்துதான்.

கடிதம் எழுதியவளின் பொருளை ஏற்கெனவே இரண்டு முறை 'போலி' என்று திருப்பியாகிவிட்டது. இது மூன்றாவது முறையீடு, கடைசி; கடிதத்தோடு பொருளும் மறுபடி வந்திருக்கிறது. நாளை மதியத்துக்குள் பதில் போயாக வேண்டும்.

அந்தப் பெண் நீதிமன்ற ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்பவள். இயர்போனை வாங்கிக் கொடுத்தது அவளுடைய அலுவலகம். இடப்பக்கத்தில் ஏதோ சத்தம் வருகிறது என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள். 'போலி' என்று பதில் போனதும், அசலை இவள்தான் எடுத்துக்கொண்டாள் என்று அலுவலகத்தில் விசாரணை தொடங்கிவிட்டது. மூன்றாவது பதிலும் அதுவாகவே இருந்தால் வேலை போய்விடும்.

'நான் மற்றவர்களுடைய பொய்களைக் கேட்டு எழுதிப் பிழைக்கிறவள். சொல்லிப் பிழைக்கிறவள் இல்லை. நீங்கள் யாரோ எனக்குத் தெரியாது. ஒரே ஒரு முறை அதைக் காதில் வைத்துக் கேளுங்கள். இடப்பக்கம், பாட்டு ஓயும் இடத்தில், சருகை மிதித்தது போல் ஒரு சின்னச் சத்தம் கேட்கும். அதற்காகத்தான் அனுப்பினேன்.'

காதில் வைப்பதா? அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்பு நின்றது. பதினொரு மாதத்தில் நூற்றுக்கணக்கில் அவள் கைவழியே போயிருக்கின்றன. ஒன்றைக்கூட அவள் காதில் வைத்ததில்லை. அவள் மட்டுமல்ல, அந்தக் கூடத்தில் யாருமே வைத்ததில்லை. யாரோ காதில் வைத்ததை நாம் வைப்பதாவது என்ற அருவருப்பு ஒரு பக்கம். ஒரு பொருளுக்கு மூன்று நிமிடம்தான் என்ற விதி இன்னொரு பக்கம். கேட்பதற்கென்றே செய்த பொருளைக் கண்ணால் பார்த்தும், கையால் தடவியும், தராசில் நிறுத்தும் தீர்ப்பெழுதிக்கொண்டிருந்தார்கள்.

பஞ்சில் மருந்து தொட்டு மாமியாரின் நுனிகளைத் துடைத்தாள். மேசைக் கைப்பேசியின் அருகே மூடியைத் திறந்தாள். திரையில் வழக்கமான படம் அழகாக எழும்பியது. காதில் பொருத்தி, கைப்பேசியில் இருந்த பாட்டு ஒன்றை ஓடவிட்டாள். பாட்டு கேட்டது, பெல்ட்டும் கேட்டது. இரைச்சலை அடக்கும் பொத்தானைத் தொட்டதும் 'அடக்கப்பட்டது' என்று திரை சொன்னது. பெல்ட் அதன் போக்கில் இரைந்து ஓடிக்கொண்டிருந்தது. இதற்கா இவ்வளவு விலை என்று நினைத்தபடியே அதைக் கழற்றி வைத்தாள்.

பிறகு தட்டச்சுக்காரியின் இயர்போனைத் துடைத்துக் காதில் வைத்து, அதே பொத்தானைத் தொட்டாள்.

உலகம் நின்றது.

முதலில் பெல்ட்தான் நின்றுவிட்டது என்று நினைத்தாள். நிமிர்ந்து பார்த்தால் அது ஓடிக்கொண்டிருக்கிறது. அட்டைப் பெட்டிகள் மிதப்பது போல் சத்தமில்லாமல் வந்தன, திரும்பின, போயின. தூரத்தில் ஒருவர் தள்ளுவண்டியைச் சுவரில் மோதினார். கேட்கவில்லை. பதினொரு மாதமாகத் தன் மண்டைக்குள் இருந்த இரைச்சல் வெளியிலிருந்து வந்தது என்பதே அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அது தன்னுடையது என்றே நினைத்திருந்தாள். வீட்டுக்குப் போன பிறகும், படுத்த பிறகும் கூட வருவதாயிற்றே.

எச்சில் விழுங்கினாள். அந்தச் சத்தம் கேட்டது. இதயம் அடிப்பது கேட்டது. இத்தனை நாளும் இதுவும் அடித்துக்கொண்டுதான் இருந்ததா?

பாட்டை ஓடவிட்டாள். பாடுகிறவள் வாயைத் திறக்கும் முன் மூச்சிழுத்தாள். காதருகே, அவ்வளவு பக்கத்தில். தந்தியை மீட்டிய விரல் அதன்மேல் லேசாக உரசி நகர்ந்தது. பின்னால், எங்கோ ஒரு மூலையில், யாரோ நாற்காலியில் சற்று அசைந்து உட்கார்ந்தார்கள். இந்த நாற்காலி அந்தப் பாட்டில் எப்போதும் இருந்ததா? ஒரு பாட்டுக்கு உள்ளே ஓர் அறை இருக்கிறது, அதற்கு ஒரு கூரை இருக்கிறது, அங்கே மனிதர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள் என்பதை அவளுக்கு யாரும் சொன்னதில்லை. கோவில் கருவறைக்குள் கால் வைத்துவிட்டது போல உடம்பு சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்தது. எதற்கென்று தெரியவில்லை.

பாட்டு ஓய்ந்தது. ஓய்ந்த இடத்தில், இடப்பக்கம், சருகை மிதித்தது போல் ஒரு சின்னச் சத்தம்.

தட்டச்சுக்காரி உண்மையைத்தான் எழுதியிருக்கிறாள்.

எதிரே டேப் அக்காவின் வாய் அசைந்தது. பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிற பெண். இவளைவிட ஏழெட்டு வயது மூத்தவள். இவள் இயர்போனைக் கழற்றியதும் பாதி வசனம் உள்ளே பாய்ந்தது.

"...பேயறஞ்ச மாதிரி உக்காந்திருக்க? எத்தன தடவடி கூப்பிடுறது?"

"அக்கா, இத ஒரு நிமிஷம் காதுல வச்சுப் பாருங்க."

"ச்சீ, எவ காது அழுக்கோ!"

"தொடச்சுட்டேன்க்கா. வைங்க."

அக்கா முகத்தைச் சுளித்துக்கொண்டே வைத்தாள். சுளிப்பு அப்படியே உறைந்தது. பிறகு இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ! என்னடி இது? நான் செத்துகித்துப் போயிட்டேனா?"

கூடமே திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தியிருந்தாள். தான் கத்தியதே அவளுக்குக் கேட்கவில்லை.

சிரிக்க வேண்டிய இடம்தான். இவளால் முடியவில்லை. மாமியாரை எடுத்துப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்து, முதல் முறையாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். பார்க்கப் பார்க்கப் பயம் ஒரு பக்கம், பிரமிப்பு ஒரு பக்கம். மயிரிழை எழுத்துகளில் ஒரு சுழியும் பிசகவில்லை. கீலின் சத்தத்தைக்கூட யாரோ கேட்டுக் கேட்டுத் திருத்தியிருக்கிறார்கள். திரையில் எழும்பும் படம், 'அடக்கப்பட்டது' என்ற சொல், எல்லாமே இருந்தன. அந்த மௌனத்தை மட்டும் செய்ய முடியவில்லை. எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்து பொய் செய்திருக்கிறார். தன் கண்ணை அந்தக் கை செதுக்கியிருக்கிறது என்று நினைத்தபோது முதுகு கூசியது.

பிறகுதான் நினைவு வந்தது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள். அசல் மாதிரியும், வந்த போலி ஒன்றும் பக்கத்துப் பக்கத்தில் மூடி திறந்து கிடந்தன. பெல்ட்டில் பெட்டி சிக்கி எல்லாரும் ஓடினார்கள், இவளும் ஓடினாள். திரும்பி வந்து ஒன்றை இழுப்பறையில் வைத்தாள், மற்றதை 'போலி' என்று முத்திரை குத்தி அனுப்பிவிட்டாள். குறிப்பேட்டில் எடையும் அளவும் எழுதியது அன்று மாலைதான்.

எவனோ ஒரு திருடனுக்கு அசலை அனுப்பிவிட்டு, அன்றிலிருந்து அசல் அனுப்பியவர்களையெல்லாம் திருடர்கள் என்று எழுதியிருக்கிறாள்.

சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னாள். அவர் நம்பவில்லை. "கழுகம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?" என்று சிரித்தார். பிறகு அவரே போய், பக்கத்துக் கட்டடத்திலிருந்து பிரிக்காத புதுப் பெட்டி ஒன்றை எடுத்துவந்து பிரித்தார். எடை, எழுத்து, கீல் என எல்லாம் தட்டச்சுக்காரியுடையதோடு ஒத்துப்போயின. புதியதை அவரும் காதில் வைத்தார். அவர் முகத்திலும் அந்த நொடி ஒரு வெளிச்சம் வந்து போனதைப் பார்த்தாள். கழற்றியபோது வேறு முகம்.

"யார்கிட்டயும் சொல்லாதீங்க. காலைல பேசுவோம்."

மறுநாள் காலை கணவன் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கேட்டான். லிஃப்ட் மெக்கானிக். நேற்று மாலை அவள் ஒரே மூச்சில் சொன்னதை அவன் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

"அப்போ இதுவர எத்தன பேரு?"

"நானூறு பேருக்கு மேல போலின்னு எழுதியிருக்கேன். அதுல எத்தன பேரு உண்மையான திருடங்கன்னு தெரியல."

"அசல்னு நீ விட்டு, திரும்ப வித்த போலி எத்தன?"

"அதுவும் தெரியல. போலின்னு ஒருத்தர் திருப்பி அனுப்பினாரு. அசல்தான்னு சொல்லித் திருப்பிக் கொடுத்துட்டேன்."

அவனுக்குச் சிரிப்பு வெடித்தது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"எங்க வேலைலயும் உண்டு. அஞ்சாவது மாடின்னு நம்பர் காட்டும். தெறந்தா நாலு. எல்லாரும் அஞ்சுன்னு நெனச்சு எறங்கிப் போய்க்கிட்டே இருப்பாங்க." சட்டையைத் திருப்பிப் போட்டான். "சரி, அந்த ஆளு என்ன சொல்லப் போறாரு?"

"தெரியல."

"என்ன சொன்னாலும் சரின்னு சொல்லிட்டு வா. வீட்டு வாடக இருக்கு, பாப்பா ஸ்கூல் இருக்கு. நாம என்ன ஊர்ல இல்லாத தப்பா பண்ணிட்டோம்?"

அவள் எச்சில் தட்டுகளை அள்ளிக்கொண்டு எழுந்தாள். அவன் சொன்னதில் தவறு எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. பாத்திரம் கழுவும்போது குழாயில் தண்ணீர் விழும் சத்தத்தைக் கவனித்தாள். பாப்பா உள்ளறையில் காலணியைத் தேடி இழுக்கும் சத்தம், இஸ்திரிப் பெட்டி மூச்சு விடும் சத்தம். எல்லாம் தனித்தனியாக, துல்லியமாகக் கேட்டன. நேற்றிலிருந்து அப்படித்தான்.

சூப்பர்வைசரின் அறை கண்ணாடிச் சுவர் வைத்தது. கதவைச் சாத்தினால் பெல்ட் பாதியாகக் கேட்கும். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். இதுவரை அவர் அப்படிச் சொன்னதில்லை.

"புது மாதிரிய இழுப்பறைல வச்சாச்சு. பழசு காணாமப் போச்சுன்னு வைங்க. இனிமே எல்லாம் சரியா நடக்கும். நடந்தத யாரும் தோண்ட வேணாம்."

"சரிங்க சார். அந்த அம்மாவுக்கு..."

"அதத்தான் சொல்ல வந்தேன்." ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். மூன்றாவது முறையீட்டுக்கான பதில். 'பரிசோதனையில் போலி என உறுதியானது.' கீழே பரிசோதித்தவர் கையெழுத்துக்குக் கோடு. "ரெண்டு தடவ போலின்னு சொன்னத மூணாவது தடவ அசல்னு மாத்தினா, ஏன் மாத்தினீங்கன்னு மேல கேப்பாங்க. அப்புறம் அந்த நானூறு பேரோட கணக்கையும் தெறக்கச் சொல்லுவாங்க. உங்க வேலையும் போகும், என் வேலையும் போகும். ஒரே ஒரு ஆளுதானம்மா. வேற வேல தேடிக்குவாங்க."

அவர் கொடூரமானவர் இல்லை. அவர் குரலில் கெஞ்சல் இருந்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் வீடு இருக்கும், வாடகை இருக்கும்.

அவள் தாளைப் பார்த்தாள். அதிலும் ஒரு பிசகில்லை. தலைப்பு, தேதி, எண், நேர்கோடு. எந்தப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் அசல் பதில் போலவே இருக்கும். பேருந்தில் வரும்போது மனசுக்குள் சரி, சரி என்று ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்தச் சொல் இப்போது கிடைக்கவில்லை. அது இருந்த இடத்தில் வெறும் அமைதி இருந்தது. அவ்வளவு பெரிய அமைதியைத் தனக்குள் அவள் எதிர்பார்த்ததில்லை. பயம் அதற்குள்ளேயே ஒரு ஓரமாக, நாற்காலியில் அசைந்து உட்கார்கிறவரைப் போல, இருந்தது.

"பேனா வேணுமா?" என்றார் அவர்.

"வேணாங்க சார்."

"படிச்சுப் பாக்கணும்னா பாருங்க. மதியத்துக்குள்ள போகணும்."

"படிச்சுட்டேன்." தாளை இரண்டு விரலால் அவர் பக்கமே மெதுவாக நகர்த்தினாள். "இதுல என்னால கையெழுத்துப் போட முடியாதுங்க சார்."